முன்வரிசையா, மிக்ஸர் மேசையா? பெங்களூர் மெட்டல் கச்சேரிக்கு நாலு பேர்

நாலுபேர் | அக்டோபர் 6, இரவு 9.12

சென்னையிலிருந்து நாலு பேர் கிளம்புகிறோம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, பெங்களூர் அரண்மனை மைதானம், மெட்டல் (அதிரடியான ராக் இசை) கச்சேரி. மூணு பேருக்கு இதுதான் முதல் தடவை. என் திட்டம் இது: மதியம் ரெண்டு மணிக்கே வரிசையில் நிற்பது, கேட் திறந்ததும் ஓடிப்போய் முன்னாடி இருக்கும் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொள்வது, கடைசிப் பாட்டு வரை அங்கிருந்து அசையாமல் இருப்பது. முன்வரிசையில்தான் சத்தம் சுத்தமாகக் கேட்கும் என்பது என் வாதம். இயர் பிளக் (காதடைப்பான்) போட்டால் பாட்டு கேட்காது, அதனால் வேண்டாம். முடிந்ததும் ராத்திரி மெயில், விடிகாலை சென்ட்ரல். இதில் எங்கே ஓட்டை?

மிக்ஸர்மேசை | அக்டோபர் 6, இரவு 10.05

முதல் ஓட்டை சத்தத்தில். முன்வரிசையில் சத்தம் அதிகம்தான், சுத்தம் கிடையாது.

பாடகர் குரல் உங்களுக்கு ஸ்பீக்கர் வழியாக மட்டும்தான் வரும். பெரிய மைதானத்தில் அந்த ஸ்பீக்கர்கள் மேடையின் ரெண்டு ஓரத்திலும் உயரத்தில் வரிசையாகத் தொங்கும். லைன் அரே என்பார்கள். அவற்றின் முகம் பின்னால் இருக்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான் திருப்பியிருக்கும். கம்பித் தடுப்பில் நிற்பவர் தலைக்கு மேலே குரல் பறந்து போய்விடும். அதே சமயம் ட்ரம்ஸும் கிட்டார் கேபினெட்டும் (கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டி) மேடையிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். இந்தக் குறையை ஈடுகட்ட மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் வைப்பார்கள், ஃப்ரன்ட் ஃபில் என்று பெயர். அது இருந்தால் குரல் ஓரளவு கேட்கும். அதன் வாய்க்கு நேராக நின்றால் காது கிழியும்.

கால் மட்டத்தில் இருப்பது சப்வூஃபர், பாஸ் என்னும் கீழ்ச்சுர ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர். மேடை முன்னால் தரையில் அடுக்கியிருப்பார்கள். கம்பித் தடுப்புக்கும் அதற்கும் ரெண்டு மூணு மீட்டர்தான் இடைவெளி. பாஸ் ட்ரம் நெஞ்சை அடிக்கும், கிட்டார் வாசிப்பது என்ன சுரம் என்றே பிரிந்து கேட்காது.

ஒலியைச் சரிசெய்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் அவர் காதுக்குச் சரியாக இருக்கும்படி வைப்பார். மைதானத்தின் நடுவில், மேடையிலிருந்து 25, 30 மீட்டர் தள்ளி ஒரு கூடாரம் இருக்கும். அதுதான் மிக்ஸர் மேசை. அதற்கு முன்னால் நாலைந்து அடியில் நில்லுங்கள். பின்னால் நின்றால் கூடாரம் மறைக்கும்.

ஜோலார்பேட்டை_கோச் | அக்டோபர் 6, இரவு 10.31

ரயில் விஷயம். மெயில் பெங்களூர் சிட்டியிலிருந்து இரவு 10.40 வாக்கில் கிளம்புகிறது. ஒலி மாசு விதிகள் 2000 படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், கலாசார, சமய விழாக்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அதனால் அநேகமாக எல்லா வெளிக்கச்சேரியும் பத்து மணியை ஒட்டித்தான் முடியும். முடிந்ததும் பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். மைதானத்தை விட்டு ரோட்டுக்கு வரவே அரை மணி, முக்கால் மணி ஆகும். ஆட்டோ கிடைக்காது, ஆப்பில் வண்டி கிடைக்காது. மெயிலை நம்பினால் கடைசி மூணு பாட்டை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். முக்கியமான பாட்டை எல்லாம் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

ராத்திரி தங்கிவிடுங்கள். ஞாயிறு காலை 6 மணிக்குச் சதாப்தி, 6.20க்கு லால்பாக். டிக்கெட் போடும்போது நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும். மைதானத்துக்குக் கிட்டே இருப்பது கன்டோன்மென்ட் ஸ்டேஷன், சிட்டி இல்லை. லாட்ஜை அந்தப் பக்கமாகப் போட்டால் ராத்திரி நடந்தே போய்விடலாம்.

நாலுபேர் | அக்டோபர் 6, இரவு 10.50

சரி, மெயிலை விட்டாச்சு. ஆனால் முன்வரிசையை விட மனசு வரவில்லை. அத்தனை பேர் அங்கே அடித்துக்கொள்வது சும்மாவா?

மிக்ஸர்மேசை | அக்டோபர் 6, இரவு 11.20

சும்மா இல்லை. கிட்டார்க்காரர் விரல் தெரியும், ட்ரம்மர் கால் தெரியும், முகத்தில் வியர்வை தெரியும். அதற்காக நின்றால் நியாயம். சத்தத்துக்காக நின்றால் ஏமாற்றம். முதல் பேண்டுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, பெரிய பேண்டுக்கு மேசைக்கு வாருங்கள். நாலு பேரும் நாலு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் கிடையாது.

காதுமூக்கு | அக்டோபர் 7, காலை 7.40

இயர் பிளக் வேண்டாம் என்ற வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியாஷ் வைத்திருக்கும் அளவு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 88க்கு 4 மணி, 91க்கு 2, 94க்கு 1, 97க்கு அரை மணி, 100க்கு 15 நிமிஷம், 103க்கு ஏழரை நிமிஷம். மெட்டல் கச்சேரியில் 100ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் கச்சேரி இடங்களுக்கு வைத்த உச்சவரம்பும் 15 நிமிஷ சராசரி 100 டெசிபல்தான். அதாவது பிளக் இல்லாமல் நின்றால் ஒரு நாளைய பங்கு முதல் மூணு நாலு பாட்டிலேயே தீர்ந்துவிடும்.

காதுக்குள் இருக்கும் மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. மறுநாள் காதில் "ஙொய்" என்று கேட்கிறதே, அது தற்காலிகமாகக் கேள்வித்திறன் இறங்கியதன் அடையாளம். ஒரு நாள், ரெண்டு நாளில் அடங்கும். அடங்கியதால் சேதமே இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு காது திடீரென்று மந்தமானால், அல்லது இரைச்சல் ரெண்டு நாள் தாண்டியும் நின்றால், காத்திருக்காமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். திடீர்க் கேள்விக்குறைவுக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

பின்னால் நின்றாலும் தப்பிக்கலாம். தூரம் ரெண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும்.

மிக்ஸர்மேசை | அக்டோபர் 7, காலை 9.15

கடைசி வரியில் ஒரு திருத்தம். 6 டெசிபல் என்பது ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் சத்தத்துக்கு. லைன் அரேயின் கிட்டப் பகுதியில் தூரம் இரட்டித்தால் சுமார் 3 டெசிபல்தான் இறங்கும். பின்னால் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் அப்படி அடுக்குகிறார்கள். முன்வரிசையிலிருந்து மேசைக்கு வந்தால் காது பிழைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். மேசைப் பக்கமும் பிளக் தேவை.

காதுமூக்கு | அக்டோபர் 7, காலை 9.32

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பிளக் இன்னும் முக்கியமாகிறது.

நாலுபேர் | அக்டோபர் 7, பகல் 1.10

பஞ்சு வைத்தால் போதாதா? பிளக் போட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் கம்பளிக்குள் கேட்பது போல இருக்கிறது என்கிறார்கள்.

காதுமூக்கு | அக்டோபர் 7, இரவு 8.25

பஞ்சு தடுப்பது மிகச் சொற்பம். அதை நம்பி ஸ்பீக்கர் பக்கம் போவதுதான் ஆபத்து.

பிளக்கில் ரெண்டு ரகம். நுரை பிளக் மலிவு, மருந்துக்கடையிலும் சேஃப்டி சாமான் கடையிலும் கிடைக்கும். கீழ்ச்சுரத்தை விட மேல்ச்சுரத்தை அதிகம் அடைக்கும். ட்ரம்ஸின் தட்டான சிம்பலும் குரலின் எழுத்துக்களும் மங்குவதால்தான் அந்தக் கம்பளி உணர்ச்சி. இன்னொன்று இசைக்கலைஞர்களுக்கான ஃபில்டர் பிளக். சிலிக்கான் குப்பி, நடுவில் சின்ன வடிகட்டி. எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில், 12 முதல் 20 டெசிபல் வரை இறக்கும். பாட்டு அப்படியே இருக்கும், வால்யூம் மட்டும் குறைந்த மாதிரி. விலை கூடுதல், ஆனால் கழுவிக் கழுவி வருஷக்கணக்கில் போடலாம்.

நுரை பிளக் பெட்டியில் என்ஆர்ஆர் (சத்தத்தைக் குறைக்கும் அளவு) 33 என்று போட்டிருந்தால் 33 குறையும் என்று நினைக்க வேண்டாம். அதில் 7 கழித்து, மீதியைப் பாதியாக்குங்கள்: 13. சாதாரண ஆள் போடும் லட்சணத்துக்கு அதுதான் நம்பக்கூடிய கணக்கு. 103 டெசிபல் 90 ஆகிறது. ஏழரை நிமிஷம் ரெண்டரை மணி நேரமாக நீள்கிறது.

காதுமூக்கு | அக்டோபர் 7, இரவு 8.50

போடும் முறையை விட்டுவிட்டேன். நுரை பிளக் போடுபவர்களில் பாதிப்பேர் அதைக் காது வாசலில் ஒட்டவைத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

கை கழுவுங்கள். பிளக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் வைத்து, மடிப்பு விழாமல், தீக்குச்சி கனத்துக்கு உருட்டுங்கள். வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த குழாய் நேராகும். உடனே உள்ளே தள்ளி, விரல் நுனியால் 20, 30 விநாடி பிடித்திருங்கள். நுரை விரிந்து சுவரைப் பிடிக்கும். முன்னாலிருந்து கண்ணாடியில் பார்த்தால் பிளக் வெளியே நீட்டிக்கொண்டு தெரியக்கூடாது. சரியாக உட்கார்ந்தால் உங்கள் சொந்தக் குரல் மண்டைக்குள் கனமாக ஒலிக்கும். அதுதான் சோதனை.

கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் திருகித் திருகி எடுங்கள். காற்றழுத்தம் செவிப்பறையை இழுக்கும்.

ஓரத்துஆள் | அக்டோபர் 8, காலை 11.05

யாரும் கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நகராமல் நிற்பது என்று எழுதியிருக்கிறாரே, எனக்கு உதைப்பது அந்த வரிதான்.

பின்னால் இருந்து தள்ளும் விசையெல்லாம் போய்ச் சேரும் இடம் அந்தக் கம்பி. மற்ற இடத்தில் தள்ளினால் நீங்கள் நகரலாம். கம்பியில் நகர இடமில்லை, விலா எலும்பு வாங்கிக்கொள்ளும். ஒரு சதுர மீட்டருக்கு அஞ்சு, ஆறு பேரைத் தாண்டினால் கூட்டம் தனித்தனி ஆளாக இல்லாமல் தண்ணீர் போல அலையடிக்கும். நெரிசலில் சாவது மிதிபட்டு மட்டும் இல்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு அடைத்துத்தான் பெரும்பாலும். 1988இல் இங்கிலாந்தின் டானிங்டன் மெட்டல் விழாவில் ரெண்டு பேர், 2000இல் டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் ஒன்பது பேர், ரெண்டுமே மேடைக்கு முன்னால்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: நாலு பக்கமும் ஒரே நேரத்தில் உடம்பு படுகிறது, கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை, நீங்கள் அசையாமலே இடம் மாறுகிறீர்கள். இதில் கடைசி ஒன்று வந்தால் அந்தப் பாட்டு முடியக் காத்திருக்காமல் வெளியேறுங்கள்.

வெளியேறுவது எப்படி என்றால், ரெண்டு கையையும் குத்துச்சண்டைக்காரர் மாதிரி நெஞ்சுக்கு முன்னால் மடித்து, மூச்சுக்கு ஒரு சாண் இடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். அலை வரும்போது எதிர்த்துத் தள்ளாதீர்கள், அதோடு போங்கள். அலை ஓயும் அந்த ஒரு விநாடியில் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் சாய்வாக ரெண்டடி வையுங்கள். அடுத்த ஓய்வில் இன்னும் ரெண்டடி. ஆற்றில் குறுக்கே நீந்துகிற மாதிரி. தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் கூட்டத்தில் மாட்டியவர்களுக்கு இந்த வித்தை கைவந்திருக்கும். கீழே விழுந்த போனைக் குனிந்து எடுக்காதீர்கள். போன் போனால் போகட்டும்.

நாலுபேர் | அக்டோபர் 8, மாலை 6.40

இதைப் படித்ததும் எங்கள் குழுவில் ஒருத்தன் வரவே மாட்டேன் என்கிறான். அப்போ கூட்டத்துக்கு நடுவில் மோதி ஆடும் மோஷ் பிட்டுக்குள்ளேயே போகக்கூடாதா?

ஓரத்துஆள் | அக்டோபர் 8, இரவு 9.30

தாராளமாகப் போகலாம். நெரிசலும் மோஷ் பிட்டும் ஒன்றில்லை. பிட்டில் இடம் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். ஆட்கள் ஓடி மோதுவதற்கே ஒரு வெட்டவெளி திறக்கும். அதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு, உலகம் முழுக்க ஒரே மாதிரி.

விழுந்தவரை உடனே தூக்க வேண்டும், அக்கம்பக்கம் நிற்கும் நாலு பேரும் சேர்ந்து. கழன்ற செருப்பு, கண்ணாடி, சாவி எது கிடைத்தாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும், சொந்தக்காரர் பார்த்து வருவார். தோளால், உள்ளங்கையால் தள்ளலாம். முழங்கையை நீட்டக்கூடாது, குத்தக்கூடாது. ஓரத்தில் நிற்பவர் விளையாட்டில் இல்லை, அவரை இழுக்கக்கூடாது. பெண்களை "பாதுகாக்கிறேன்" என்று பிடித்துக்கொள்வதும் தப்பு, தடவுகிறவனைப் பார்த்தால் சுற்றி நிற்பவர்கள் வெளியே தள்ளிவிடுவதும் கடமை.

முதல் தடவை போகிறவர் நடுவில் குதிக்க வேண்டாம். விளிம்பில் நின்று, உள்ளேயிருந்து வந்து மோதுகிறவரைத் திருப்பித் தள்ளிவிடுங்கள். அரைப்பாட்டில் தாளம் பிடிபடும்.

சர்க்கிள் பிட் என்றால் எல்லாரும் வட்டமாக ஓடுவது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியல்காரர்கள் மெட்டல் கச்சேரிக் காணொளிகளை ஆராய்ந்து 2013இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மோஷ் பிட்டில் ஆட்களின் வேகம் ஒரு வாயுவின் மூலக்கூறுகளைப் போலப் பரவியிருக்கிறது, வட்டம் பெரும்பாலும் இடஞ்சுழியாகவே சுற்றுகிறது என்பது அவர்கள் கண்டது. கோயில் பிரகாரத்துக்கு நேரெதிர். பழக்கதோஷத்தில் வலஞ்சுழியாக ஓடினால் நேருக்கு நேர் மோதல்தான்.

வால் ஆஃப் டெத் என்று பாடகர் கூட்டத்தை ரெண்டாகப் பிரிக்கச் சொன்னால், முதல் தடவைக்காரர்கள் பத்துப் பதினைந்து அடி பின்னால் வாருங்கள். ரெண்டு சுவரும் மோதும் கோட்டில் நிற்கும் முதல் ரெண்டு வரிசைக்குத்தான் அடி.

ஓரத்துஆள் | அக்டோபர் 8, இரவு 9.48

உடுப்பு விட்டுப்போச்சு. மூடின ஷூ, ஏற்கெனவே பழகினது. கயிறை ரெட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகுங்கள். செருப்பு கூடவே கூடாது. கூர் ஆணி வைத்த பெல்ட், கைப்பட்டை கேட்டிலேயே பிடுங்கப்படும், பிட்டில் அடுத்தவர் தோலைக் கிழிக்கும். கண்ணாடி போடுகிறவர் பின்கழுத்துப் பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அரண்மனை மைதானம் செம்மண். காய்ந்திருந்தால் பிட் தொடங்கியதும் புழுதி எழும், மூக்கை மூட ஒரு பெரிய கைக்குட்டை. கான்டாக்ட் லென்ஸ் அந்தப் புழுதிக்கு ஆகாது. மழை பெய்திருந்தால் அதே மண் வழுக்கும். குடை உள்ளே விடமாட்டார்கள், பிளாஸ்டிக் மழைச்சட்டை மடித்து வையுங்கள். பை வேண்டாம். முதுகுப்பை போட்டவரை பிட் சுழற்றிவிடும்.

மிக்ஸர்மேசை | அக்டோபர் 9, காலை 10.20

நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். மேசைக்கு முன்னால் சரி நடுவில் என்று எல்லாரும் போய் நிற்பார்கள். சப்வூஃபரை மேடையின் இடமும் வலமும் ரெண்டு குவியலாக வைத்திருந்தால், ரெண்டிலிருந்தும் சரிசமத் தூரத்தில் இருக்கும் நடுக்கோட்டில் பாஸ் ஒன்றோடொன்று கூடி வீங்கும். அந்தக் கோட்டை விட்டு விலகினால் ஒரு குவியலின் ஒலி மற்றதை விடப் பிந்தி வரும். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலைநீளம் 2.9 மீட்டர் அளவு. ரெண்டு பாதைக்கும் அவ்வளவு வித்தியாசம் வந்த இடத்தில் அந்த பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஏழு தந்தி கிட்டாரின் கீழ்த் தந்தி 61.7 ஹெர்ட்ஸ். அதாவது அந்தக் குழியில் நின்றால் ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) அடிவயிறே காணாமல் போகும்.

ஆகவே முதல் பேண்டு வாசிக்கும்போது மேசைக்கு முன்னால் குறுக்காக நடந்து பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ரெண்டு மூணு அடியாக நகர்ந்தால் பாஸ் ஏறுவதும் இறங்குவதும் காதுக்கே தெரியும். பாஸ் ட்ரம் அடியும் கிட்டாரும் தனித்தனியாகப் பிரியும் இடத்தில் நில்லுங்கள். சப்வூஃபர்களை மேடை அகலத்துக்கு ஒரே வரிசையாக வைத்திருந்தால் இந்தத் தொல்லை குறைவு. போனதும் தரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நாலுபேர் | அக்டோபர் 9, இரவு 8.15

மூடின அரங்கில் இதெல்லாம் எப்படி? டிசம்பரில் ஒரு பப்பில் சின்னக் கச்சேரி ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம்.

மிக்ஸர்மேசை | அக்டோபர் 9, இரவு 9.02

அங்கே எதிரி எதிரொலி. கணக்கு போடுங்கள்: நிமிஷத்துக்கு 200 தாளத்தில் ட்ரம்மர் ரெண்டு காலாலும் பாஸ் ட்ரம்மை ஒரு தாளத்துக்கு நாலு அடியாக மிதித்தால் விநாடிக்கு 13 அடிக்கு மேல். ரெண்டு அடிக்கும் நடுவில் 75 மில்லிவிநாடி. அதற்குள் ஒலி சுமார் 26 மீட்டர் ஓடும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியெல்லாம் அந்தச் சின்ன இடைவெளிக்குள் வந்து விழும். வெளியில் "டகடகடக" என்று எண்ணக் கேட்கிற அடி, ஓட்டுக் கூரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள இடத்தில் "கொர்ர்ர்" என்று ஆகிவிடும். கூட்டம் நிறைந்தால் உடம்புகள் ஒலியைக் குடித்து நிலைமை தேறும். காலியான அரங்கின் சவுண்ட் செக்கைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

சின்ன இடத்தில் கிட்டார் கேபினெட்டின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள். 12 அங்குல ஸ்பீக்கர் நாலு வைத்த பெட்டி மேல்ச்சுரத்தை டார்ச் வெளிச்சம் போல ஒரே திசையில் அடிக்கும். அந்தக் கோட்டில் ஊசி குத்தும், ரெண்டடி தள்ளினால் குறையும்.

ஓரத்துஆள் | அக்டோபர் 9, இரவு 9.40

பப் என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே நுழைந்ததும் பாருக்குப் போகாமல், நுழைந்த கதவைத் தவிர இன்னொரு வழியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அது பூட்டியிருக்கிறதா, முன்னால் நாற்காலி அடுக்கியிருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்தாலும் தப்பில்லை.

2003 பிப்ரவரி 20, அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் நைட் கிளப். மேடை மத்தாப்பு சுவரில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பு நுரையில் பற்றி 100 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வந்த வழியான முன்கதவை நோக்கியே ஓடி அங்கே சிக்கிக்கொண்டார்கள். 2015 அக்டோபர் 30, ருமேனியாவின் புகாரெஸ்டில் கோலெக்டிவ் கிளப், மேடையில் மெட்டல் பேண்டு, அதே மத்தாப்பு, அதே நுரை, 60க்கும் மேற்பட்ட உயிர். இந்த ரெண்டையும் தெரிந்த பிறகு, தாழ்ந்த கூரைக்குக் கீழே மேடையில் பொறி பறந்தால் அது அழகாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு மனம் வராது. அந்த நிமிஷமே வெளியேறுங்கள். டிக்கெட் காசு போகட்டும்.

காதுமூக்கு | அக்டோபர் 10, காலை 8.10

கழுத்து. மூணு பேருக்கு முதல் தடவை என்றால் மூணு பேரும் முதல் பாட்டிலேயே தலையைச் சுழற்றுவார்கள், திங்கட்கிழமை திரும்பிப் பார்க்க முடியாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் இதைக் கணக்கிட்டு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். தலையாட்டும் பாட்டின் சராசரி வேகம் நிமிஷத்துக்கு 146 தாளம். அந்த வேகத்தில் தலை 75 பாகைக்கு மேல் வீசினால் லேசான தலைக்காயத்துக்கு வாய்ப்பு. அவர்கள் தந்த வழிகளில் ஒன்று, ஒவ்வொரு தாளத்துக்கும் ஆட்டாமல் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ஆட்டுவது. நல்ல யோசனை. கூடவே, கழுத்தை மட்டும் வீசாமல் இடுப்பிலிருந்து மேலுடம்பை ஆட்டினால் கழுத்தின் பங்கு குறையும். முழு வட்டச் சுழற்சி வேண்டவே வேண்டாம். ஸ்லேயர் என்ற மெட்டல் பேண்டின் பாடகர் டாம் அராயாவுக்கு 2010இல் கழுத்தெலும்பில் அறுவை நடந்தது, அதன் பிறகு அவர் மேடையில் தலையாட்டுவதையே நிறுத்திவிட்டார்.

மறுநாள் தசைவலி சகஜம். கை மரத்துப்போவது, விரலில் குறுகுறுப்பு என்றால் நரம்பு. தலைவலி நாளுக்கு நாள் கூடினால், வாந்தி வந்தால் ஸ்கேன். மோட்டார்ஹெட் கச்சேரியில் தலையாட்டிய 50 வயது ஜெர்மானியர் ஒருவருக்கு மூளை உறைக்கடியில் ரத்தம் கட்டியது 2014 லான்செட்டில் பதிவாகியிருக்கிறது. தலைவலி முற்றிய பிறகுதான் அவர் மருத்துவமனைக்கு வந்தார். அறுவை செய்து பிழைத்தார்.

மூக்கில் அடிபட்டு ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குப் போகும். முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தான பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் கிள்ளிப் பிடியுங்கள்.

நாலுபேர் | அக்டோபர் 10, மாலை 5.30

கை முத்திரை? ஆள்காட்டியும் சுண்டுவிரலும் நீட்டுவது. கட்டைவிரல் உள்ளேயா வெளியேயா என்று இங்கே சண்டை.

ஜோலார்பேட்டை_கோச் | அக்டோபர் 10, மாலை 6.05

உள்ளே. மடக்கின நடுவிரல், மோதிரவிரல் மேலே கட்டைவிரல் படிய வேண்டும். கட்டைவிரலை வெளியே நீட்டினால் அது அமெரிக்கச் சைகை மொழியில் "நான் உன்னை நேசிக்கிறேன்". இதை மெட்டலில் பரப்பியவர் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ. தன் இத்தாலியப் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டிய முத்திரை என்று அவர் சொல்லியிருக்கிறார். நம்மூர்ப் பாட்டிகள் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதற்கு அவர்கள் விரல் மடக்குகிறார்கள். நம்மாட்களுக்கு இந்த இசை அந்நியம் என்பவர்களிடம் சிங்கப்பூரின் ருத்ரா பேண்டைச் சொல்லுங்கள். 1992இலிருந்து வாசிக்கிறார்கள். சமஸ்கிருத சுலோகமும் டெத் மெட்டலும் கலந்து "வேதிக் மெட்டல்" என்று தங்கள் பாணிக்கே பெயர் வைத்தவர்கள்.

ஜோலார்பேட்டை_கோச் | அக்டோபர் 10, மாலை 6.30

பேச்சு எங்கோ போய்விட்டது. நாலு பேர் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்ப வேண்டிய விஷயம் பாக்கி.

கூட்டம் சேர்ந்ததும் போன் டவர் திணறும். டிக்கெட்டை லாட்ஜ் வைஃபையிலேயே இறக்கி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும், ஆளுக்குக் கொஞ்சம் ரொக்கம். வாட்ஸ்அப் போகாத இடத்தில் சாதா எஸ்எம்எஸ் போகும்.

சந்திக்கும் இடத்தை வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். "மேடைக்கு இடது பக்கம்" என்று சொல்லாதீர்கள். மேடைக்காரர்கள் பேச்சில் அது வாசிப்பவரின் இடது, உங்களுக்கு வலது. "மிக்ஸர் கூடாரத்தின் பின்மூலை, தண்ணீர்க் கடைப் பக்கம்" என்று அசையாத பொருளைச் சொல்லுங்கள். ஒவ்வொரு பேண்டும் முடிந்து அடுத்தது ஏற 20, 30 நிமிஷம் ஆகும். அந்த ஒவ்வொரு இடைவேளையிலும் நாலு பேரும் அங்கே தலைகாட்ட வேண்டும், வராதவரைத் தேடி ரெண்டு பேர் சேர்ந்தே போக வேண்டும். கழிப்பறைக்கு இடைவேளையில் போகாதீர்கள், எல்லாரும் அப்போதுதான் போவார்கள். முதல் பேண்டின் கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டில் போய்விட்டு வந்தால் வரிசை இருக்காது.

சாப்பாடு நாலு மணிக்குள். இட்லி, தயிர்சாதம் மாதிரி எண்ணெய் இல்லாதது. பிரியாணி சாப்பிட்டுவிட்டு பிட்டுக்குப் போனால் வயிறு கேட்காது. பெங்களூரில் குளிர்கிறதே என்று தண்ணீரை விட்டுவிடாதீர்கள், பிட்டில் சட்டை பிழிய வேர்க்கும். லாட்ஜில் ஓஆர்எஸ் பாக்கெட் நாலு வையுங்கள். பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கலக்கும் அளவு அட்டையில் போட்டிருக்கும்.

டீ-ஷர்ட் வாங்குவதானால் உள்ளே போனதும் வாங்குங்கள். முடிந்த பிறகு எல் சைஸ் இருக்காது. சுருட்டி இடுப்பில் கட்டாமல், போட்டிருக்கும் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

நாலுபேர் | அக்டோபர் 11, இரவு 10.15

திட்டத்தை மாற்றிவிட்டேன். கன்டோன்மென்ட் பக்கம் ரூம், ஞாயிறு காலை லால்பாக். கேட் திறந்து ஒரு மணி நேரம் கழித்து நிதானமாக உள்ளே. முதல் பேண்டுக்கு முன்பக்கம், ஓரமாக, கம்பியை விட்டுத் தள்ளி. ரெண்டாவதுக்கு நாலு பேரும் பிட் விளிம்பில். பெரிய பேண்டுக்கு மேசைக்கு முன்னால், நடுக்கோட்டை விட்டு ரெண்டு மூணு அடி. வரமாட்டேன் என்றவனும் இந்தத் திட்டத்துக்கு வருகிறான். நுரை பிளக் நாலு ஜோடி வாங்கியாச்சு, முதல் பேண்டு ஆரம்பித்ததும் சத்தத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்வோம்.

காதுமூக்கு | அக்டோபர் 11, இரவு 10.40

கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. சத்தம் ஆரம்பித்த பிறகு இருட்டில், செம்மண் கையால், கூட்டம் இடிக்க, நுரையை உருட்டி முப்பது விநாடி பிடித்திருக்க முடியாது. கேட்டுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் கை கழுவிவிட்டு ஒருவர் காதை ஒருவர் பார்த்துப் போடுங்கள். உள்ளே போன பிறகு பேச வேண்டுமானால் பிளக்கைக் கழற்றாமல் காதருகே மெதுவாகப் பேசச் சொல்லுங்கள், காதுக்குள் கத்த வேண்டாம். நாலு ஜோடி போதாது, ஆறு ஜோடி வாங்குங்கள். பிட்டில் ஒன்றாவது விழும், விழுந்ததைத் துடைத்துத் திரும்பப் போடக்கூடாது.